தகைவிலானின் ஊர் எது?

ஆஸ்கார் வைல்டின் மகிழ்ச்சியான இளவரசன் கதையை ஏதோ ஒரு வடிவில் கேட்டிராதவர்கள் நம் வாசகர்களுள் குறைவாகவே இருப்பர். 1888ஆம் ஆண்டில் நூல்வடிவம் பெற்ற அக்கதையில், நகரின் உயர்ந்த தூண் ஒன்றின்மேல் பொற்றகடு வேய்ந்த இளவரசனின் சிலை நிற்கிறது. எகிப்துக்குப் போகும் வழியில் ஓரிரவு தங்க வந்த சிறு பறவை ஒன்று அதன் காலடியில் ஒடுங்குகிறது. வாளில் பதித்த மாணிக்கமும், கண்களாக வைத்த நீலக்கற்களும், பின்னர் உடம்பின் பொன்னும் அப்பறவையின் அலகு வழியே ஏழைகளின் வீடுகளுக்குப் போய்ச் சேர்கின்றன. பனிக்காலம் வந்துவிடுகிறது. பறவை இறந்துவிடுகிறது. அந்தப் பறவை எது என்று கேட்டால், தமிழில் கதையைக் கேட்டவர்களுள் பலர் தயங்காமல் சிட்டுக்குருவி என்பார்கள். சிலர் வெறுமனே குருவி என்பார்கள். தூக்கணாங்குருவி என்று சொல்லவும் நாம் கேட்டதுண்டு.

வைல்ட் எழுதியது இவை எவற்றையும் அன்று. ஆங்கிலத்தில் ‘ஸ்வாலோ’ எனப்படும் அப்பறவைக்குத் தமிழில் தகைவிலான் என்று பெயர். இது சொல்லகராதிக்காரர்களின் கவலை, கதைக்கு இதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்போர் உண்டு. கதையே குறைந்துவிட்டது என்பது நம் எண்ணம். சிட்டுக்குருவி வலசை போகாது. ஐரோப்பிய நகரங்களின் சிட்டுக்குருவி, பனி கொட்டும் மாதங்களிலும் அதே கூரையிடுக்கில், அதே தெருவில், மனிதர் சிந்தும் தானியத்தையும் ரொட்டித் துணுக்கையும் தின்று காலம் தள்ளிவிடும். தகைவிலானுக்கு அந்த வசதி இல்லை. அதன் உணவு பறக்கும் பூச்சி. அதுவும் பறந்தபடியே பிடிக்கும் பூச்சி. குளிர் முற்றினால் பூச்சி இல்லை. பூச்சி இல்லையேல் இருபது கிராம் எடையுள்ள அவ்வுடம்பு சில நாள்களில் அவிந்துவிடும். அது தெற்கே போயாக வேண்டும். அதன் தோழர்கள் ஆறு வாரங்களுக்கு முன்பே போய்விட்டார்கள் என்று வைல்ட் கதையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். ‘இன்னும் ஓரிரவு இரு’ என்ற பொருளில் இளவரசன் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவன் அப்பறவையிடம் கேட்பது அதன் உயிரை. அவனுக்கு அது தெரியாது, அதற்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு சிட்டுக்குருவியை வைத்துப் பாருங்கள். போக ஓர் இடமில்லாத பறவை தங்கிவிட்டது என்றால் அதில் துறப்பதற்கு என்ன இருக்கிறது?

கிழக்காசியாவின் இரண்டு நாட்டுப்புறக் கதைகளை அருகருகே வைத்தால் இவ்வேறுபாடு இன்னும் துலக்கமாகும். ஜப்பானியக் கதை ஒன்றில், கஞ்சியை உண்டுவிட்ட சிட்டுக்குருவியின் நாக்கைக் கிழவி அறுத்துவிடுகிறாள். கிழவர் அதைத் தேடிக்கொண்டு நடந்தே போய் மூங்கிற்காட்டில் அதன் வீட்டைக் கண்டுபிடிக்கிறார். கொரியாவின் ஹுங்பு, நோல்பு சகோதரர் கதையிலோ, ஏழைத் தம்பி கால் முறிந்த தகைவிலானுக்குக் கட்டுப்போடுகிறான். இலையுதிர்காலத்தில் அது தெற்கே போய்விடுகிறது. அடுத்த வசந்தத்தில் ஒரு சுரைவிதையுடன் திரும்பி வருகிறது. சிட்டுக்குருவியின் வீட்டுக்கு ஒரு கிழவர் நடந்து போய்விடலாம். தகைவிலான் போகும் இடத்துக்கு யாரும் போக முடியாது. அது வரும்வரை காத்திருக்கத்தான் முடியும். கதை சொன்ன ஊர்மக்கள் இரு பறவைகளையும் பிரித்தறிந்தவர்கள் என்பதால்தான் இரு கதைகளும் அவ்வவ்வாறு அமைந்தன. இரண்டையும் ‘குருவி’ என்று தமிழாக்கினால் இரண்டும் ஒரே கதையின் இரு பாடங்கள் போலத் தோன்றும்.

பறவைக்குத் தமிழில் பெயரே இல்லாத நிலையில் இத்தவறு நேர்ந்திருந்தால் பொறுக்கலாம். பெயர் இருக்கிறது, அதுவும் அழகான பெயர். தகைவு என்பதற்குத் தடை என்றும் இளைப்பு என்றும் பொருள். தகைவு இல்லாதது தகைவிலான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அகராதிகளிலேயே இச்சொல் உண்டு. தமிழ் விவிலியத்தில் 84ஆம் சங்கீதத்தைப் புரட்டினால் வீடு கிடைத்த அடைக்கலான் குருவியும் கூடு கிடைத்த தகைவிலான் குருவியும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். வீட்டிறப்பில் அடைக்கலம் புகுவது சிட்டுக்குருவி. இளைப்பறியாமல் பறப்பது தகைவிலான். இரண்டு சொற்களில் இரண்டு பறவைகளின் இயல்பையும் எழுதிவைத்த பழைய மொழிபெயர்ப்பாளர்களின் கவனத்தை, சமயச் சார்பு ஏதுமில்லாத வாசகரும் வியக்கவே செய்வார். எரேமியா எட்டாம் அதிகாரத்திலும் தகைவிலான் வருகிறது. தன் வரவின் காலத்தை அறிந்த பறவைகளுள் ஒன்றாக. (அங்கே எபிரேய மூலம் குறிப்பது உழவாரனை என்பது பிற்கால அறிஞர் பலரின் கருத்து. ஆக, குழப்பம் நம்முடையது மட்டுமன்று என்று ஆறுதல் கொள்ளலாம்.)

உழவாரன் என்றதும் அதையும் பேசிவிட வேண்டும். ஏனெனில் தகைவிலானை அடையாளம் காண்பதில் சிட்டுக்குருவியைவிடப் பெரிய இடர் இதுதான். மாலையில் கோபுரத்தைச் சுற்றிக் கீச்சிட்டுக்கொண்டு வட்டமிடும் கரிய பறவைக் கூட்டம் பெரும்பாலும் நாட்டு உழவாரன். பனந்தோப்பின்மேல் சுழல்வது பனை உழவாரன். காய்ந்து தொங்கும் பனையோலையில் தன் எச்சிலால் இறகையும் பஞ்சையும் ஒட்டிக் கூடு கட்டுவது. அரிவாள்போல் வளைந்த சிறகின் வடிவைப் பார்த்துத்தான் உழவாரப்படையின் பெயரை அதற்கு இட்டார்கள் என்று தோன்றுகிறது. தோற்றத்தில் தகைவிலானை ஒத்திருந்தாலும் உழவாரன் அதற்கு உறவில்லை. அதன் நெருங்கிய உறவு அமெரிக்கக் கண்டத்தின் தேன்சிட்டெனப்படும் ரீங்காரச் சிட்டுகளோடு. வானில் பூச்சி பிடித்துப் பிழைக்கும் தொழில் இரண்டுக்கும் ஒத்த உடம்பைக் கொடுத்துவிட்டது. இரண்டையும் பிரிக்க ஓர் எளிய வழி உண்டு. உழவாரனின் கால்கள் செங்குத்தான சுவரைப் பற்றித் தொங்குவதற்கானவை. அதனால் கம்பியில் உட்கார இயலாது. மின்கம்பியில் வரிசையாக அமர்ந்திருக்கும் பறவை உழவாரனாக இருக்கவே முடியாது. சீனர்களின் புகழ்பெற்ற கூட்டுச்சாறு தகைவிலான் பெயரால் வழங்கினாலும், அக்கூடு உண்மையில் உழவாரன் குடும்பத்துச் சிறு பறவை ஒன்றின் உறைந்த எச்சில். தமிழில் அதைக் ‘குருவிக்கூட்டு சூப்’ என்று எழுதுகிறோம். மூன்றாவது பிறழ்ச்சி.

சரி, கம்பியில் அமர்ந்திருப்பது தகைவிலான் என்று ஆயிற்று. எந்தத் தகைவிலான்?

உலகில் மிகப் பரந்து வாழும் தகைவிலானை 1758இல் லின்னேயஸ் தம் நூலில் பெயரிட்டு வகைப்படுத்தினார். மேல்பக்கம் எஃகின் மினுக்குள்ள கருநீலம். நெற்றியும் தொண்டையும் செங்கல் நிறம். தொண்டைக்குக் கீழே மார்பின் குறுக்கே ஒரு கரிய பட்டை. வயிறு வெளிறியது. ஆழமாகப் பிளந்த வாலின் இருபுறமும் கம்பிபோல் நீண்ட இறகு. வாலை விரிக்கும்போது வெண்புள்ளிகளின் வரிசை தெரியும். படங்களில் இத்தனையும் பளிச்சென்று இருக்கும். நம் ஊரில் அக்டோபர் மாதம் இப்படத்தை வைத்துக்கொண்டு தேடினால் ஏமாற்றம்தான். வந்திறங்கும் பறவைகளுள் பெரும்பங்கு அவ்வாண்டு பிறந்த இளம் பறவைகள். அவற்றின் தொண்டை வெளிறியிருக்கும், வால் குட்டையாக இருக்கும். முதிர்ந்தவை இறகுதிர்க்கும் பருவத்தில் இருக்கும், வாற்கம்பிகள் விழுந்திருக்கலாம். அந்த மாதங்களில் நம்பத்தக்க அடையாளம் மார்புப் பட்டை ஒன்றே. பழுப்பேறியிருந்தாலும் அது இருக்கும்.

இறகுதிர்ப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். முதிர்ந்த தகைவிலான் தன் பறப்பிறகுகளை இனப்பெருக்க நிலத்தில் மாற்றிக்கொள்வதில்லை. குளிர்கால நிலத்தில்தான் மாற்றிக்கொள்கிறது. மாதக்கணக்கில், ஒன்றொன்றாக. டென்மார்க்கில் ஆய்வு செய்த மொல்லர் 1988இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். சில ஆண் தகைவிலான்களின் வாற்கம்பிகளை ஒட்டவைத்து நீளமாக்கினார்; சிலவற்றை வெட்டிக் குறைத்தார். நீண்ட வால் பெற்றவை விரைவாகத் துணை தேடிக்கொண்டன. உயிரியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் சோதனை இது. அவ்வால் வளர்ந்த இடம் டென்மார்க் அன்று, ஆப்பிரிக்கா. ஐரோப்பியப் பெண் பறவை எந்த அழகைக் கண்டு மயங்குகிறதோ அந்த அழகு ஆப்பிரிக்கப் பூச்சியைத் தின்று ஆப்பிரிக்க வானில் முளைத்தது. நம் வயல்களின்மேல் குளிர்காலத்தைக் கழிக்கும் தகைவிலான்களுக்கும் இதே கணக்குதான். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் அதே கம்பியைப் பார்த்தால் புதுக்கம்பிகள் முளைத்து, நெற்றிச் செம்மை கூடி, படத்தில் உள்ளபடியான பறவை உட்கார்ந்திருக்கும். பிறகு போய்விடும்.

மற்றத் தகைவிலான்களை விரைந்து கடந்துவிடலாம். கம்பிவால் தகைவிலானுக்குச் செந்நிறத் தொப்பி, தூய வெண்ணிற வயிறு. மார்புப் பட்டை கிடையாது. நீர்நிலையை விட்டு அகலாது. செம்பிட்டத் தகைவிலானுக்கு முதுகின் கீழே செம்மை படர்ந்த பகுதி. பறக்கையில் அதிகம் மிதக்கும். அதன் மண்கூட்டுக்கு நீண்ட குழாய்வாயில் உண்டு. இவ்விரண்டுள் முன்னது உள்ளூர்க் குடி. பின்னதில் உள்ளூர்க்குடிகளும் உண்டு, வடக்கிலிருந்து வருவோரும் உண்டு.

ஆனால் நீலகிரிக்கோ வால்பாறைக்கோ போகும் நண்பர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது மலைத் தகைவிலானை. தேயிலைத் தோட்டத்துப் பழைய மாளிகைகளின் தாழ்வாரத்தில் மண்கூடு கட்டும் இச்சிறு பறவைக்கும் செந்நிறத் தொண்டை உண்டு. கருநீல முதுகு உண்டு. வாற்கம்பி இல்லை, மார்புப் பட்டை இல்லை, அடிப்பக்கம் அழுக்குச் சாம்பல். இது எங்கும் போவதில்லை. தென்னிந்திய மலைகளும் இலங்கையின் மலைநாடுமே அதன் உலகம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, ஒரே தேயிலைச் சரிவின்மேல், இமயத்துக்கு அப்பாலிருந்தும் வந்திருக்கக்கூடிய பறவையும் அந்த மலையைவிட்டு இறங்காத பறவையும் ஒன்றாகப் பூச்சி பிடிக்கின்றன. எட்ட நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. சிறுகதை எழுதுபவர் ஒருவர் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மாந்தர்களுக்கும் இவ்விரு பறவைகளுக்கும் இடையே எத்தனை தொடர்பு உண்டாக்கலாம்! ‘பெயர் தெரியாத பறவை ஒன்று கூவிச் சென்றது’ என்று எழுதும்போது இது முழுவதையும் இழக்கிறோம்.

அத்தொடர் நம் புனைகதைகளில் ஓர் அணியாகவே ஆகிவிட்டது. பெயர் தெரியாமை ஏதோ ஒரு மோனத்தைக் கொண்டுவருவதாக நம்பிக்கை. கதைமாந்தருக்குப் பறவையின் பெயர் தெரியாமல் இருக்கலாம். அது அவர் இயல்பு. எழுதுபவருக்கும் தெரியாமல் போவதில்தான் நமக்கு மறுப்பு. பழந்தமிழ்ப் புலவர்கள் இப்படி இருக்கவில்லை. சத்திமுத்தப் புலவரின் நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். கால் சிவப்பு, அலகு பவளநிறம், அவ்வலகின் வடிவம் பிளந்த பனங்கிழங்குபோல். களத்தில் நின்று ஓர் இனத்தைப் பிற இனங்களிலிருந்து பிரித்தறிய வேண்டிய குறிப்புகள் இவையே. அதோடு நிற்கவில்லை அவர். பறவை துணையோடு குமரித்துறை ஆடிவிட்டு வடதிசைக்கு மீளும் என்றும் அறிந்திருக்கிறார். அந்த அறிவு இல்லையேல் பாட்டே இல்லை. குளிரில் நடுங்கும் ஏழை, தன் ஊர் இருக்கும் திசையில் செல்லும் பறவையிடம்தானே மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்ப முடியும்? நாரையின் இனமும் அதன் போக்குவரத்தும் தெரிந்த ஒருவர் தம் வறுமையை எழுதியதால் அது நமக்கு வந்து சேர்ந்தது.

ஐரோப்பியர் இவ்விஷயத்தில் நம்மைவிட நெடுங்காலம் இருட்டில் இருந்தார்கள் என்பதும் சொல்லத்தக்கது. சில தகைவிலான்கள் குளிர்காலத்தில் இறகிழந்து பொந்துகளில் ஒடுங்கிக் கிடக்கும் என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். 1555இல் வெளியான ஒலாவுஸ் மாக்னுஸின் நூலில், மீனவர்கள் வலையில் மீனோடு தகைவிலான்களையும் நீருக்கடியிலிருந்து இழுத்தெடுக்கும் படமே இருக்கிறது. நாணற்புதரில் மாலையில் கூட்டங்கூட்டமாக இறங்கி மறைவதைப் பார்த்தவர்கள் நீருக்குள் போய்விட்டதாக எண்ணியிருக்க வேண்டும். 1789இல் செல்போர்ன் ஊரின் இயற்கை வரலாற்றை எழுதிய கில்பர்ட் ஒயிட், ஊன்றிப் பார்ப்பதில் நிகரற்றவர்; அவராலும் அந்த ஐயத்தை முற்றாக உதற முடியவில்லை. வைல்ட் கதை எழுதிய காலத்தில் தகைவிலான் தெற்கே போகிறது என்பதை யாவரும் ஒப்புக்கொண்டிருந்தனர். ஆனால் இங்கிலாந்தின் ஒரு குறிப்பிட்ட பறவை எங்கே போய்ச் சேர்கிறது என்று கையிலெடுத்துக் காட்டச் சான்றில்லை. அச்சான்று 1912 டிசம்பரில் வந்தது. 1911 மே மாதத்தில் ஸ்டாஃபர்ட்ஷயரில் மேஸ்ஃபீல்ட் என்பவர் காலில் வளையமிட்ட தகைவிலான் ஒன்று, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் ஒரு பண்ணைவீட்டில் பிடிபட்டது. ஏறத்தாழப் பதினாயிரம் கிலோமீட்டர். சகாரா உட்பட.

ஆகவே வைல்டின் பறவை மேற்கு ஐரோப்பாவைச் சேர்ந்ததாயின் அது எகிப்தில் தங்கியிருக்காது. ஸ்பெயினும் மொராக்கோவும் கடந்து ஆப்பிரிக்காவின் தென்முனைவரை போயிருக்கும். இன்னொரு வேடிக்கை: எகிப்துக்கென்றே அடர்சிவப்பு வயிறுள்ள தகைவிலான் உள்ளினம் ஒன்று உண்டு, அது நைல் கரையைவிட்டு எங்கும் போவதில்லை. கதைக்கு இதனால் இழுக்கில்லை. பறவைக்கு வேறோர் இடம் உண்டு என்பது சரியாக இருக்கிறது. அவ்விடத்தின் பெயர் மட்டும் கனவிலிருந்து வந்தது.

இவ்விடத்தில் நம் பத்திரிகைகளின் வழக்கமான சொல்லாட்சியோடு நமக்கு ஒரு பிணக்கு. ஆண்டுதோறும் அக்டோபரில் ‘வெளிநாட்டுப் பறவைகள் வருகை’, ‘விருந்தாளிகள் வந்தனர்’ என்று எழுதுகிறார்கள். தகைவிலானின் ஊர் எது என்று கேட்டால் கூடு கட்டும் இடமே ஊர் என்று பறவையியல் நூல்கள் வசதிக்காகச் சொல்லும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். செப்டம்பரில் தமிழகத்துக்கு வந்து ஏப்ரலில் போகும் பறவை ஆண்டில் பாதிக்கு மேல் இங்கே இருக்கிறது. இங்கே தின்கிறது, இங்கே இறகு மாற்றுகிறது, நம் எருமைகளின் காலடியில் கிளம்பும் ஈயைப் பிடிக்கிறது, கண்மாயின் நீரைப் பறந்தபடியே ஒரு மிடறு அள்ளிக்கொண்டு போகிறது. முட்டையிட நான்கைந்து மாதம் வடக்கே போய்வருகிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண்ணை நாம் விருந்தாளி என்று எந்த வீட்டில் சொல்கிறோம்? தாய்வீட்டிலா, புகுந்த வீட்டிலா? இரண்டுமே அவள் வீடு என்பதுதானே நம் வழக்கம்.

எஸ்தோனியர்கள் தகைவிலானைத் தங்கள் தேசியப் பறவையாகக் கொண்டிருக்கிறார்கள். 2011இல் யூரோவுக்கு மாறும்வரை அவர்களுடைய ஐந்நூறு குரோன் நோட்டில் அதன் படம் இருந்தது. அவர்கள் உரிமை கொண்டாடுவதில் தவறில்லை. மறுபுறம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே மவுண்ட் மோர்லாண்டில் ஒரு நாணற்படுகை உண்டு. குளிர்கால மாலைகளில் (நமக்குக் குளிர்காலம்; அவர்களுக்குக் கோடை) முப்பது லட்சம் தகைவிலான்கள் அங்கே இறங்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2010இல் திறக்கப்பட்ட புதிய விமான நிலையம் அதன் அருகே வந்தபோது, ஐரோப்பாவின் கொட்டகைகளில் அடுத்த ஆண்டு எத்தனை கூடு இருக்கும் என்பது இந்த நாணற்படுகையின் கதியையும் பொறுத்தது என்று வாதிட வேண்டியிருந்தது. பேங்காக்கின் சீலோம் சாலையில் இரவு விடுதிகளின் விளக்கொளியில், தலைக்கு மேலே மின்கம்பிகளில் ஆயிரமாயிரமாகத் தகைவிலான்கள் உறங்குவதும் பதிவாகியிருக்கிறது. கூடு இல்லாத அந்த இடங்களை அதன் ஊர் அன்று என்று எப்படிச் சொல்வது? நம் ஊர்களிலும் சம்பங்கோரைப் புதரும் ஏரிக்கரை நாணலும் ‘பயனற்ற நிலம்’ என்ற தலைப்பில்தான் அரசுப் பதிவேடுகளில் இடம்பெறுகின்றன. அங்கே இரவு தங்குவோர் யாரென்று தெரியாதவர்களுக்கு அதைத் தூர்ப்பதில் தயக்கம் இராது. பெயரறிதல் வெறும் பண்டிதப் பொழுதுபோக்கன்று என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊர் என்பதே மாறவும் கூடும். அர்ஜென்டினாவுக்கு வட அமெரிக்கத் தகைவிலான்கள் குளிர்காலம் கழிக்க வருவது பழைய வழக்கம். கூடு கட்டுவது வடக்கே போனபின். 1980இல் புவெனோஸ் ஐரிஸ் மாநிலத்தில் சில இணைகள் திரும்பிப் போகாமல் பாலங்களுக்கடியில் அங்கேயே கூடு கட்டின. பின்னர் அவை பெருகின. அவற்றின் வழித்தோன்றல்கள் இப்போது அர்ஜென்டினாவின் குளிர்காலத்துக்குத் தென் அமெரிக்காவின் வடபகுதிக்குப் போகின்றன என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பருவமும் திசையும் தலைகீழாகிவிட்டன. அதே நாட்டில் இன்னொரு வரலாறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் முதல் உலகப்போர் வரை, இத்தாலியில் அறுவடை முடித்துக் கப்பலேறி, அங்கே பருவம் மாறியிருப்பதால் மறுபடி ஓர் அறுவடைக்குக் கூலியாகப் போன உழவர்களை ஸ்பானிய மொழியில் ‘கொலோந்த்ரினா’, அதாவது தகைவிலான் என்றே அழைத்தார்கள். அவர்களுள்ளும் பலர் ஒரு பருவம் திரும்பாமல் தங்கிவிட்டார்கள். லத்தீன் அமெரிக்க நாவல்களைத் தமிழாக்கும் நண்பர்கள் இச்சொல்லை எதிர்கொள்ளும்போது ‘குருவித் தொழிலாளி’ என்று எழுதிவிடாதிருக்க வேண்டும். (‘குருவி’ என்பதற்குத் தமிழ்நாட்டு விமான நிலையங்களில் வேறு பொருள் இருப்பதை வாசகர்கள் அறிவர்.)

மொழிபெயர்ப்பின் வேறொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறோம். ஒற்றைத் தகைவிலானைக் கண்டு பருவம் மாறிவிட்டதென்று கொள்ளலாகாது என்ற கருத்தில் அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் ஒரு பழமொழியைக் கையாள்கிறார். கிரேக்க மூலத்தில் அங்கே வருவது வசந்தம். ஆங்கிலத்தில் பழமொழியாகப் புழங்கும்போது அது ‘சம்மர்’ ஆயிற்று. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது ‘கோடை’ ஆகிறது. நம் கோடையிலோ தகைவிலான் இங்கே இராது. சித்திரை வெயில் ஏறும்போது கம்பிகள் காலியாகிவிடும். நமக்கு அது புரட்டாசி, ஐப்பசியின் பறவை. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வரும் பறவை. தமிழ்நிலத்தில் தகைவிலான் ஏதாவது ஒரு பருவத்துக்குக் கட்டியம் கூறுமானால் அது மழைக்குத்தான். அப்பழமொழியைத் தமிழில் தரும்போது மூலத்தின் வசந்தத்தை அப்படியே வைத்து, அது கிரேக்கப் பறவை என்று ஒரு வரி அடிக்குறிப்பு எழுதுவது நேர்மை. மழை என்று மாற்றுவது துணிச்சல். கோடை என்று எழுதுவது மட்டும் எந்த நிலத்துக்கும் பொருந்தாது.

செய்யக்கூடியது அதிகமில்லை, கடினமும் இல்லை. பி. எல். சாமி சங்க இலக்கியப் பறவைகளை ஆராய்ந்து தனி நூல் எழுதியிருக்கிறார். க. ரத்னம் தமிழ்நாட்டுப் பறவைகளைத் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்துத் தந்திருக்கிறார். மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள் நூலாகியிருக்கின்றன. தியடோர் பாஸ்கரன் தொடர்ந்து எழுதி வருகிறார். 2015 முதல் பொங்கல் நாள்களில் தன்னார்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். தை மாதத்தில் தகைவிலான் நிச்சயம் இங்கே இருக்கும். மொழிபெயர்ப்பாளர்களின் மேசையில் ஆங்கில அகராதிக்குப் பக்கத்தில் இவற்றுள் ஒரு நூல் இருந்தால் போதும். அடுத்து யாரேனும் மகிழ்ச்சியான இளவரசனைக் குழந்தைகளுக்காகத் தமிழில் எழுதப் புகுந்தால், ‘தகைவிலான் என்ற சொல் குழந்தைகளுக்குப் புரியாதே’ என்று பதிப்பாசிரியர் சொல்லக்கூடும். டைனோசர்களின் பெயர்களைத் தடுக்காமல் ஒப்பிக்கும் குழந்தைகளுக்கு ஐந்தெழுத்துத் தமிழ்ச்சொல் ஒன்று சுமையாகாது என்று அவரிடம் சொல்லலாம். கதை கேட்கும் மாதம் கார்த்திகையாகவோ மார்கழியாகவோ இருந்தால், வாசலுக்குக் கூட்டிப்போய் மின்கம்பியைக் காட்டினாலும் ஆயிற்று.